ஞானத்தாய் ஜப்பான் இனிப்பு தின்ற கதை

விழுப்புரத்தில் மாதம் ஒருநாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள். மாலை ஐந்துக்குத்தான் மறுபடி வரும். அன்றைக்கு ஊரே புழுங்கித் தவிக்கும். அருள்ராணியும் செண்பகமும் மட்டும் சந்தோஷப்படுவார்கள். இருவரும் வேலை செய்யும் தையல் கடையில் மிஷின் எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. கரெண்டு இல்லை என்றால் கடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்பது பேருக்குத்தான், வீட்டுத் துணியும் பாத்திரமும் அதைத் தின்றுவிடும். இந்த ஒருநாள்தான் அவர்களுக்கென்று கிடைப்பது.

அருள்ராணி மிஷினில் உட்கார்ந்து தைப்பவள். நாற்பது வயது. அவள் தைத்த ஜாக்கெட்டைப் பிரித்துக் கொடு என்று திரும்பி வந்த ஆளைக் கடைக்காரர் இன்னும் பார்த்ததில்லை. செண்பகம் காஜா எடுத்துப் பட்டன் கட்டி ஹுக் வைப்பவள். பன்னிரண்டு வருஷமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டப்பாவில் தின்று பழகியவர்கள். செண்பகத்துக்குத் தெரியாத சங்கதி அருள்ராணியிடம் ஒன்றுகூட இல்லை என்று செண்பகம் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம்.

அந்த வெள்ளிக்கிழமை கரெண்டு போன மறு நிமிஷம் செண்பகத்தின் போன் வந்தது.

"ராணி, ஜல்தி கெளம்பு. திண்டிவனத்துல ஜப்பான் ஸ்வீட்டு கடை தொறந்துகிறாங்களாம். போன்ல பாத்தேன். கையில புடிச்சி இழுத்தா ஒரு முழம் வருதுடி."

"திண்டிவனத்துலயா? ஜப்பானா?"

"ஆமா. நீ எப்படியும் உன் தம்பி வீட்டுக்கு அந்த வெள்ள கவுனக் குடுக்கப் போவணும் இல்ல? அதையும் குடுத்துட்டு வந்துடலாம்."

தம்பி மகளுக்குத் தைத்த கவுனைக் கொடுக்கப் போக வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு மேல் ஒரு விஷயம் இருந்தது. அதை அருள்ராணி செண்பகத்திடம் சொல்லவில்லை.

திண்டிவனத்தில் இருக்கும் அவளுடைய தம்பி டோமினிக்கின் மகள் வெனிலாவுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் வட்டமான வெள்ளை அப்பத்தைக் கிறிஸ்தவர்கள் நன்மை என்பார்கள். பிள்ளைகள் முதல்முதலாக அதை வாங்கும் நாள் புதுநன்மை. வெனிலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தாய் அருள்ராணி. அப்படியென்றால் புதுநன்மைக்கும் அவள்தான் பிள்ளையின் பின்னால் நிற்க வேண்டும். பிள்ளை வாங்கியதும் ஞானத்தாயும் வாங்குவது வழக்கம்.

அங்கேதான் சிக்கல். வெனிலாவுக்கு ஒரு வயசு முடிந்த சமயத்தில் அருள்ராணி ஜெகதீசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் இந்து, இரும்புக் கடையில் எடை போடுபவர், நல்ல மனுஷர். கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது, மாதா கோவிலில் நடக்கவில்லை. கோவிலில் கல்யாணம் ஆகாமல் குடும்பம் நடத்துகிறவர்கள் நன்மை வாங்கக்கூடாது. எட்டு வருஷமாக அருள்ராணி பூசைக்குப் போவாள், நன்மை நேரத்தில் எல்லாரும் எழுந்து வரிசையில் போக, பெஞ்சில் முட்டியை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பாள். சாமியாரிடம் போய்ப் பேசினால் சரிசெய்ய வழி உண்டு என்று அவளுக்குத் தெரியும். ஜெகதீசனும் வருகிறேன் என்றுதான் சொன்னார். இவள்தான் போகவில்லை. போனால் எட்டு வருஷம் வாழ்ந்ததைத் தப்பு என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடுமே என்று ஒரு வீம்பு. அது வீம்புதானா பயமா என்று அவளுக்கே தெரியாது.

முந்தின நாள் சாயங்காலம் டோமினிக் போன் செய்திருந்தான். "அக்கா, தப்பா எடுத்துக்காத. நீ பின்னாடி நின்னுட்டு நன்மை வாங்கலன்னா எல்லாரும் பாப்பாங்க. புள்ளைக்கு ஒரு மாதிரி ஆயிடும். பேசாம ஜெசிந்தாவ நிக்க வெச்சிடட்டா? நீ முன்னாடி பெஞ்சில உக்காந்துக்கோ. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு." ஜெசிந்தா அவனுடைய மச்சினிச்சி. டோமினிக் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அருள்ராணிக்குச் சுலபமாகப் போயிருக்கும், நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள்.

பஸ் முண்டியம்பாக்கம் தாண்டும்வரை செண்பகம் போனில் அந்த இனிப்பை இழுத்துக் காட்டிக்கொண்டே வந்தாள். அருள்ராணி மடியில் கவுன் பையை வைத்துக்கொண்டு, நிற்பதா, உட்காருவதா என்று யோசித்தாள். கூட்டேரிப்பட்டு வந்தபோது நிற்பது என்று முடிவு செய்தாள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது உட்காருவது என்று ஆகிவிட்டது.

கடை சின்னது. அதற்கு முன்னால் செல்போன் ரீசார்ஜ் கடையாக இருந்த இடம். நடத்துகிறவள் கலையரசி, மயிலம் பக்கத்துப் பெண். புருஷன் வேலைக்காகப் பத்து வருஷம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்தவள். கண்ணாடிப் பெட்டிக்குள் இனிப்புகள் தூரந்தூரமாக உட்கார்ந்திருந்தன. நம் ஊர் இனிப்புக் கடையில் லட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். இங்கே ஒவ்வொன்றுக்கும் தனி வீடு.

"இது இன்னாமா?" என்றாள் செண்பகம்.

"மோச்சிக்கா."

"மொச்சையா? மொச்சக்கொட்டையில ஸ்வீட்டா?"

"மொச்சை இல்லக்கா, மோச்சி. அரிசி மாவு."

செண்பகம் தன் தவறுக்குத் தானே சிரித்துவிட்டு ஒரு கடி கடித்தாள். முகம் மாறியது. "உள்ள பயறு இருக்குதே!"

"ஆமாக்கா. செகப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு. சக்கர போட்டு அரைச்சது."

"அப்போ நான் மொச்சைன்னு சொன்னது சரிதானே?"

கலையரசி அடுத்த தட்டை எடுக்கத் திரும்பினாள். சுண்டலாகத் தின்று வளர்ந்த பயறு இனிப்பாக வந்து நின்றால் நாக்கு எந்தப் பக்கம் போகும்? அருள்ராணி மென்றாள், மென்றாள், அது போவதாக இல்லை. கொழுக்கட்டை மாதிரியும் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மெல்லும் பபுள்கம் மாதிரியும் இருந்தது.

அடுத்தது இலையில் சுற்றி வந்தது. பூவரச இலைக் கொழுக்கட்டை தின்ற பழக்கத்தில் செண்பகம் இலையை உரித்துத் தட்டோரம் வைத்தாள். கலையரசி ஓடி வந்து, "அக்கா, இலையையும் சாப்புடணும்" என்றாள். ஆடு மாதிரி இலையைத் தின்னச் சொல்கிறாளே என்று செண்பகம் முணுமுணுத்துக்கொண்டே தின்றாள். உப்பாக இருந்தது. அதற்கப்புறம் தண்ணீரைக் கட்டியாக்கினது போல ஒன்று வந்தது, பார்த்தால் தட்டு தெரிந்தது. அதற்கு ருசியே இல்லை. மேலே தூவியிருந்த மாவு பொட்டுக்கடலை மாவு மாதிரி இருந்ததால் அதை மட்டும் நம்பித் தின்றார்கள்.

"இது ஸ்வீட்டா இல்லியான்னே தெரியலடி. நமக்கு வெவரம் பத்தலையா, அவங்களுக்கு சக்கர பத்தலையா?" என்றாள் செண்பகம்.

அருள்ராணி சிரித்தாள். தம்பியின் போனுக்கு அப்புறம் அப்போதுதான் சிரித்தாள்.

கடைசியாகக் கலையரசி ஒரு தட்டில் மெல்லிசான வெள்ளை வில்லைகளைச் சிப்பி மூடி போல ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் அதே பயறு. "இது மோனாக்காக்கா. மொதல்லயே வெச்சா நமுத்துடும். நீங்களே பயற வெச்சி மூடிச் சாப்புடுங்க."

செண்பகம் கரண்டியை எடுத்துக்கொண்டு பயறில் இறங்கினாள். அருள்ராணி சும்மா ஓரத்தில் ஒரு துண்டை ஒடித்தாள். பட்டென்று சத்தம் வந்தது. வாயில் போட்டுக்கொண்டாள்.

நாக்கு அதை உடனே கண்டுபிடித்துவிட்டது. அவள் கடிக்கவில்லை. சின்ன வயசில் பல்லில் படக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தது எட்டு வருஷம் கழித்தும் வாயில் அப்படியே இருந்தது. உதட்டை மூடி, தலை குனிந்து, கண்ணை மூடிக்கொண்டாள். வலது கை தானாக நெற்றிக்குப் போய், மார்புக்கு வந்து, இடது தோளுக்கும் வலது தோளுக்கும் போய்ச் சிலுவை போட்டது. அப்புறம்தான் அவளுக்குத் தன் எதிரே ஒரு கிண்ணம் பயறும் வாயைப் பிளந்த செண்பகமும் இருப்பது ஞாபகம் வந்தது.

"இன்னாடி ஆச்சி? காரமா?"

அருள்ராணியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, பேச முடியவில்லை. அது இறங்கும்வரை இருந்துவிட்டுச் சொன்னாள்: "நன்மை மாதிரியே இருக்குதுடி."

"நல்லா இருக்குதுன்னு சொல்றியா?"

"இல்ல. நன்மை."

"நன்மைன்னா நல்லதுதானே?"

இனி மறைக்க முடியாது. அருள்ராணி எல்லாவற்றையும் சொன்னாள். அப்பம், வரிசை, பெஞ்சு, தம்பியின் போன், ஜெசிந்தா. செண்பகம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பன்னிரண்டு வருஷம் ஒரே டப்பாவில் தின்றவள் தன்னிடம் இதைச் சொல்லவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. கோபத்தைவிடக் குழப்பம் பெரிசாக இருந்ததால் அதைத் தள்ளி வைத்தாள்.

"நன்மைய யாராவது வாணாம்பாங்களாடி? குடுக்கறப்போ போயி வாங்கிக்க வேண்டியதுதானே?"

"எனக்குக் குடுக்கக்கூடாதுடி. நானும் போயி நிக்க மாட்டேன்."

"கல்யாணம் பண்ணது தப்புன்றாங்களா?"

"தப்புன்னு யாரும் என்னக் கூப்ட்டு சொல்லல."

"நீ சொல்றியா?"

"இல்ல."

"அப்போ இன்னாதான் பிரச்சன? எனக்கு ஒண்ணுமே புரியல, பேஜாரா இருக்குது" என்ற செண்பகம், தட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சரி, இப்போ இதத் தின்னுட்டியே. இது சேர்த்தியா?"

அருள்ராணிக்கும் அதே பயம்தான். வாங்கக்கூடாதவள் ஒரு பழைய ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்துகொண்டு சிலுவை போட்டு வாங்கிவிட்டாள். கலையரசியைக் கூப்பிட்டு இது எதில் செய்தது என்று கேட்டாள்.

"அரிசிக்கா. பசை அரிசி. கோதுமை சுத்தமா கெடையாது."

பூசை அப்பம் கோதுமை. இது அரிசி. அப்படியென்றால் பாவம் இல்லை என்று அருள்ராணிக்கு மூச்சு வந்தது. அடுத்த நிமிஷமே, அப்படியென்றால் இது ஒன்றுமே இல்லையா என்று துக்கமாகவும் வந்தது. ஒன்றுமே இல்லாததற்கா இப்படி அழுதோம்? எட்டு வருஷமாக இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஆசை, ஒரு அரிசித் துண்டைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டது. அவளுக்கு நன்மை வேண்டும். ஜெகதீசனும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் தனக்குள்ளேயே ஒப்புக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. டோமினிக் நம்பர். எடுத்தால் வெனிலா. பள்ளிக்கூடத்திலிருந்து அரை நாளில் வந்துவிட்டிருக்கிறாள்.

"அத்தை, ஜெசிந்தா சித்திதான் நிக்கப் போறாங்களாம். நீ வரலியா?"

அருள்ராணி பதில் சொல்வதற்குள் பிள்ளை தன் கவலைக்கு ஓடிவிட்டது. "அத்தை, சிஸ்டர் கடிக்கக்கூடாதுன்னு சொன்னாங்க. மேல ஒட்டிக்கும்ன்னு என் கிளாஸ் ஆக்னஸ் சொல்றா. ஒட்டிக்கினா வெரல விட்டு எடுக்கவும் கூடாதாமே. எனக்கு பயமா இருக்குது. வாந்தி வந்துட்டா?"

"வாந்தி எல்லாம் வராதுடி. ஒட்டிக்கினா பேசாம இரு. நாக்கால தள்ளாத. எச்சில் ஊறி அதுவா எறங்கிடும்." இதை அவள் ஞாபகத்திலிருந்து சொல்லவில்லை. கால் மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டதைச் சொன்னாள்.

"ருசி எப்படி இருக்கும்?"

"ருசியே இருக்காது. ஆனா மறக்காது."

"நீ பக்கத்துல இருந்தா பயமா இருக்காது அத்தை."

அருள்ராணி செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகத்துக்குப் போனில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று பலமாகத் தலையாட்டினாள்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. நான்தான் நிப்பேன். தோள்ல கைய வெச்சிக்கினு கூடவே வருவேன். நீ வாங்குவ. நான் வாங்க மாட்டேன்."

"ஏன்?"

"எனக்குக் கோவில்ல கல்யாணம் ஆவல. அதான். யாரு பாத்தாலும் பாக்கட்டும்."

மறுமுனையில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு வெனிலா ரகசியம் போலச் சொன்னாள்: "அப்போ என்னுதுல பாதி தர்றேன் அத்தை. யாருக்கும் தெரியாம."

அருள்ராணி அவசரமாகச் சொன்னாள்: "பாதி எல்லாம் தரக்கூடாதுடி. முழுசா நீயே வாங்கணும்."

"அப்போ உனக்கு?"

"எனக்கும் சேத்து வாங்கு."

அப்படி வாங்கலாமா, அது செல்லுமா, சொன்னதே தப்பா என்று அருள்ராணிக்குத் தெரியவில்லை. வெனிலா, "சரி அத்தை" என்று போனை வைத்தாள்.