மூன்றாம் மாடிக்கு ஒரு சைக்கிள்

2025 ஜனவரி. வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள், சனிக்கிழமை. பெங்களூர் பிரேசர் டவுனில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குக் கையில் ஒரு தராசோடு போய் நின்றேன். ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்ப்போமே, அந்தக் கைத்தராசு. நான் எடை பார்க்கப் போனது ஒரு பழைய சைக்கிளை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு ஜோகுபாளையத்தில், மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. கீழே நிறுத்தி வைத்த என் முதல் சைக்கிள் ஒரு யுகாதி விடுமுறையில் களவு போனது. அதனால் அடுத்து வாங்கியதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். கனமான இரும்பு வண்டி. முன்பக்கம் ஸ்பிரிங் வேறு. ஞாயிறுதோறும் விடியும்போது நான் ஊருக்கு வெளியே ஏரிக்கரை மண்பாதைகளில் ஓட்டக் கிளம்புவேன். என் கணவர் பாதித் தூக்கத்தில் எழுந்து, வண்டியைத் தோளில் மாட்டிக் கீழே இறக்கித் தருவார். நான் திரும்பி வந்து கீழிருந்து பெல் அடித்தால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்து மேலே ஏற்றுவார். நான்கு வருடம் இப்படித்தான் நடந்தது. ஒருநாள்கூட அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

2024 மழைக்காலத்தில் அவருக்கு முதுகெலும்பில் தட்டு விலகியது. சைக்கிளால் அல்ல. ஹெப்பகோடியில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், தண்ணீர் கேனை எடுத்து குடிநீர் மிஷின்மேல் கவிழ்க்கப் போய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனிமேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் ஞாயிறுகளும் அத்துடன் நின்றன. நானே தூக்கிப் பார்த்தேன். முதல் வரிசைப் படி முடிவதற்குள் வண்டி என்னை இழுத்துக்கொண்டு கீழே போகப் பார்த்தது.

"என்னாலதான் உன் சவாரி போச்சு" என்பார். "அதெல்லாம் இல்லீங்க, எனக்கே போரடிச்சுப் போச்சு" என்பேன். நான் சொல்வது பொய் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். சைக்கிள் நின்ற மூலையைப் பார்க்காமல் நடக்க இருவரும் பழகிக்கொண்டோம்.

தீபாவளி கழிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தேன். யாரையும் எழுப்பாமல் நானே தூக்கி இறக்கி, நானே ஏற்றக்கூடிய ஒரு சைக்கிள் வேண்டும். கிடைக்காவிட்டால் இந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் நாலு இடத்தில் படித்து ஒப்பிட்டுப் பார்க்காமல் தீர்மானிக்க மாட்டேன். மெல்லிய டயர் வைத்த பந்தய சைக்கிள்கள் எடை குறைவுதான். ஆனால் தோண்டிப் போட்ட நம் பெங்களூர்ச் சாலைக்கும் ஏரிக்கரை மண்ணுக்கும் அவை சரிப்படாது. மலைப்பாதைகளுக்கான சைக்கிள்கள் எதையும் தாங்கும். ஆனால் கனம். இரண்டுக்கும் நடுவே நான் கண்டுபிடித்தது கார்பன் ஃப்ரேம் போட்ட, முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங்கே இல்லாத ஒரு ரகம். அதிர்ச்சியைத் தாங்குவதற்கு அகலமான டயர் மட்டும்தான். பள்ளத்தில் இறங்கினால் மணிக்கட்டு வலிக்கும். இருக்கட்டும், தோள் தப்பிக்குமே.

கடைகளில் என் உயரத்துக்கு அப்படியொரு வண்டி கிடைக்கவில்லை. போன கடைகளில் எல்லாம் என் தராசைப் பார்த்துச் சிரித்ததுதான் மிச்சம். கடைசியில் சைக்கிள் ஓட்டுபவர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் ஒரு விளம்பரம் பார்த்தேன். படத்துக்குக் கீழே விலை இல்லை. 'ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது.

அந்தப் பிரேசர் டவுன் வீட்டு வாசலில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்தும் இறக்காத கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது. வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். குனிந்து ஓட்டக் கூடாதாம். அவர் மனைவி ஒரு தட்டில் அச்சு முறுக்கும் பிளம் கேக்கும் கொண்டுவந்து வைத்தார். சைக்கிளைக் கண்ணில் காட்டுவதற்கு முன்பே விசாரணை தொடங்கிவிட்டது.

"எந்த ஏரியாமா? எத்தனாவது மாடி? வண்டி நிக்கிற எடத்துல வெயில் படுமா? வாரத்துல எத்தன நாள் எடுப்ப?"

"நம்ம பொண்ணுக்கு மாப்ள பாத்தப்போகூட நீ இவ்ளோ கேக்கல மேன்" என்றார் மனைவி.

"அவ வாய் இருக்கிறவ, கேட்டு வாங்கிப்பா. இது வாயில்லா ஜீவன்."

இதற்கு முன் அவர் ஒரு சைக்கிளைப் பக்கத்துத் தெருக்காரருக்கு விற்றிருக்கிறார். அதை வாங்கியவர் ஒரு மாதம் ஓட்டிவிட்டு பால்கனியில் நிறுத்திவிட்டாராம். "தெனம் வாக்கிங் போறப்போ பாக்குறேன். என் வண்டி மேல பெட்ஷீட் காயுது. வயிறு எரியுதுமா" என்றார். அவர் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு மூலையில் நிற்கும் இரும்பு வண்டியின் மேல் அப்போது என் துப்பட்டா கிடந்தது.

சைக்கிள் வந்தது. மங்கிய கறுப்பு. கொக்கியை மாட்டித் தராசைத் தூக்கினேன். பழைய வண்டியின் பாதிக்குக் கொஞ்சம் கூட இருந்தது, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் மார்க் பார்க்கிற பிள்ளையைப் போல அவரும் எட்டிப் பார்த்தார். "பெடல கழட்டிட்டுப் போடுமா, இன்னும் கம்மியா காட்டும்" என்றார். பிறகு ஒரு நாணயத்தால் ஃப்ரேம் முழுவதும் தட்டிக் காட்டினார். கார்பனில் உள்ளே விரிசல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் சத்தம் அமுங்கிக் கேட்குமாம். எல்லா இடத்திலும் ஒரே 'டக் டக்'. நான் ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்தேன். தோளில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. என்னையறியாமல் சிரித்துவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்க சமதரையில யாரு வேணா தூக்கலாம். உங்க வீட்டு மாடிக்குத் தூக்கிக் காட்டு. நாளைக்கு சர்ச் முடிஞ்சி நானே எடுத்துட்டு வரேன். ஏத்த முடியலன்னா சும்னே ஆசைக்கு வாங்கி மூலையில வெக்காத. நான் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன். கோச்சுக்காத."

மறுநாள் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு இருவரும் வந்தார்கள். அந்த அம்மா பட்டுப்புடவையில் வந்திருந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "மாப்ள வீடு பாக்க வரோம், வெறுங்கையோட வரக் கூடாதுல்ல" என்றார். என் கணவர் இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மூன்றாம் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்.

தூக்கினேன். முதல் வரிசைப் படிகள் எப்படி முடிந்தன என்றே தெரியவில்லை. திருப்பத்தில் வண்டி நின்றுவிட்டது.

எங்கள் மாடிப்படி இருபதுக்கு முப்பது அடி மனையில் எப்படியோ திணித்துக் கட்டியது. இந்த ரக சைக்கிளுக்கு ஹேண்டில் அகலம். அதன் ஒரு முனை சுவரில் முட்டியது. மறுமுனை கைப்பிடிக் கம்பிக்குள் நுழைந்துகொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் ஒரு இழு இழுத்தேன்.

"இழுக்காத! இழுக்காதம்மா! கம்பில உரசுது!" என்று கீழிருந்து பிரேசர் டவுன்காரர் அலறினார்.

அப்படியே நின்றேன். எத்தனை மாதமாகத் தேடினேன். கிராம் கணக்கில் ஒப்பிட்டேன். என் வீட்டு மாடிப்படியை அளந்து பார்க்க மட்டும் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது செட் ஆகாதுமா" என்றார், மிகவும் மெதுவாக. அந்த அம்மா வாழைப்பழத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

அப்போது மேலிருந்து என் கணவரின் குரல் கேட்டது. "திருப்பத்துல தோள்ல வெக்காத. எறக்கி நிறுத்து."

"நின்னுக்கிட்டுதாங்க இருக்கு!"

"அப்படி இல்ல. குதிர முன்னங்கால தூக்குமே, அந்த மாதிரி. பின் வீல் படியில, முன் வீல் ஆகாசத்துல. இப்ப ஹேண்டில சொவரப் பாத்துத் திருப்பு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங்."

பேசிக்கொண்டே ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். எதையும் தொடக் கூடாது என்பதற்காக இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். எனக்கு இரண்டு படி மேலே நின்று, இல்லாத ஒரு சைக்கிளைத் தோளாலும் இடுப்பாலும் திருப்பிக் காட்டினார். இடது தோளைச் சாய்த்து, ஒரு கால் வைத்து, அரை வட்டம் சுற்றினார். நடனம் போல இருந்தது. நான் அதே மாதிரி சாய்ந்து சுற்றினேன். ஹேண்டில் சுவரை விரலிடைவெளியில் தாண்டிப் போனது.

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"நாலு வருஷமா இந்தத் திருப்பத்துல வேற என்ன பண்ணேன்னு நெனச்ச?"

உண்மையில் நான் எதையும் நினைத்திருக்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கீழே காத்திருப்பேன். சைக்கிள் வரும். வழியில் இந்தத் திருப்பம் இவ்வளவு குறுகல் என்பதும், அரைத்தூக்கத்தில் ஒரு மனிதர் அதில் இப்படிச் சாய்ந்து சுற்றுவதும் என் கண்ணில் படவே இல்லை.

அடுத்த திருப்பத்தில் அவர் தோளை மட்டும் லேசாகச் சாய்த்துக் காட்டினார். அதற்கடுத்த திருப்பத்தில் அதுவும் தேவைப்படவில்லை. வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன். மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.

பிரேசர் டவுன்காரர் பின்னாலேயே ஏறி வந்தார். சைக்கிளின் இருக்கையைத் தட்டிக்கொடுத்தார். கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தார். "எறக்கி ஒன்ஸ் காட்டுமா" என்றார்.

"அய்யோ, போதும் மேன்! பொண்ணக் குடுத்தாச்சு. கண்ணத் தொடச்சிக்கிட்டு வா, காபி ஆறுது" என்றார் அவர் மனைவி. அவர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்து வந்த முதல் ஞாயிறு. விடிவதற்குள் சத்தமில்லாமல் எழுந்து, சத்தமில்லாமல் கிளம்பி, கதவைத் திறந்தேன். என் கணவர் வெளியே படியில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார்.

"உங்களை எழுப்பக் கூடாதுன்னுதானே இவ்ளோ நாள் தேடினேன்" என்றேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"நீ எழுப்பலையே. நானாதான் எழுந்தேன்" என்றார்.

நான் வண்டியை எடுத்தேன். திருப்பம் வந்தது. குதிரையைப் போல நிறுத்திச் சாய்ந்து சுற்றினேன். அப்போது முன் சக்கரத்தின் மேல் அவர் கை பட்டதைப் பார்த்தேன். இரண்டு விரல்தான். தூக்கவில்லை, தாங்கவில்லை. டாக்டர் பார்த்தாலும் குற்றம் சொல்ல முடியாத மாதிரி சும்மா தொட்டுக்கொண்டிருந்தார்.

இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான். காலை எட்டு மணிக்குள் பிரேசர் டவுனிலிருந்து 'போனியா?' என்று ஒரு செய்தி வரும். சேறு அப்பிய டயரைப் படம் எடுத்து அனுப்புவேன். யாரையும் நம்பாமல் தனியாகத் தூக்கத்தான் நான் அத்தனை எடை பார்த்து அந்தச் சைக்கிளைத் தேர்ந்தெடுத்தேன், நன்றாகவே தூக்குகிறேன், ஆனாலும் திருப்பத்துக்கு வரும்போது, அந்த இரண்டு விரல் டயரில் படும்வரை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் இறங்குகிறேன்.