மாஸ்டருக்கு அம்மா கொடுத்த வேலை

சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் யோகன் சைக்கிளில் வந்து இறங்கினான். நான் முன்பு நடித்த நாடகக் குழுவில் பாட்டும் எடுத்துரையும் அவன் பொறுப்பு. கொக்குவிலிலிருந்து மிதித்து வந்த களைப்பில் மூச்சு வாங்கினான். தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"திரேசக்கா, ஞானசேகரம் மாஸ்டர் போயிட்டார். விடியப்புறம் நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டவராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிஞ்சுது."

"அப்பிடியோ" என்றேன். சொத்தை இல்லாத காயாகப் பார்த்து இன்னும் கொஞ்சம் எடுத்துப் பையில் போட்டேன்.

யோகனின் முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்கு ஒண்டும் இல்லையோ அக்கா?"

"இருக்கு. அதை இந்தச் சந்தைக்குள்ளை நிண்டு சொல்லேலாது."

அதை இப்போது சொல்கிறேன். மாஸ்டரின் முப்பத்தோராம் நாளன்று அச்சிட்டுக் கொடுக்கப்போகும் இந்தக் கல்வெட்டுக்கு, அதுதான் இந்த நினைவு மலருக்கு, என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டார்கள். கடதாசித் தட்டுப்பாட்டில் கொப்பித்தாளில்தான் அச்சடிக்கிறார்களாம், ஆகையால் சுருக்கமாக எழுதட்டாம். மற்றவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தப் பொல்லாத காலத்தில் நாடகத்தை உயிரோடு வைத்திருந்தவர் என்று எழுதியிருப்பார்கள். அதில் பொய்யில்லை. செத்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் அவர் இருக்கும்போதே முகத்துக்கு நேரே சொன்னவள். எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. குருநகரில் கடற்தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை நான். கோவில் விழாவில் நான் கூத்துப் பாடியதைக் கேட்டுவிட்டு, கொக்குவிலில் தன் வீட்டு வளவில் நடத்திய நாடகக் களப்பயிற்சிக்கு என்னைக் கூப்பிட்டவர் அவர்தான். ஒரு நாடகத்தில் நீர்வேலி வாழைத்தோட்டத்து அம்மாவாக என்னை நடிக்க விட்டபோது, படித்த பெரியவர் ஒருவர் குருநகர்ப் பேச்சு மேடைக்கு எடுபடாது என்றார். மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குக் காலிலை முள்ளுக் குத்தினால் எந்தத் தமிழிலை கத்துவியள்?" என்று கேட்டார். அன்றைக்கு அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அவருடைய துணிவைப் பற்றியும் எழுதுவீர்கள். ஒரு பின்னேரம் நீர்வேலியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது பொம்பர் விமானம் வந்து வட்டமடித்தது. சனம் பங்கருக்குள்ளும் வாழைகளுக்குள்ளும் ஓடிப் படுத்தது. நாங்களும் வேஷத்தோடு ஓடிப் படுத்தோம். மாஸ்டர் மட்டும் மேடையில் நின்று கத்தினார். "ஆர் இப்ப இடைவேளை விட்டது? நான் விடேல்லை! எல்லாரும் திரும்பி வாங்கோ!" வாழைக் கிடங்குக்குள் குப்புறக் கிடந்தபடி நாங்கள் சிரித்தோம். பொம்பர் எங்கேயோ போய்க் குண்டைப் போட்டது. நாங்கள் திரும்பி வந்ததும் விட்ட வசனத்திலிருந்தே தொடங்க வைத்தார். பயமற்ற மனிதர் என்று நீங்கள் சொல்லலாம். தன் நாடகத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது என்பதுதான் என் எண்ணம்.

அவர் வசனம் எழுதித் தருபவர் அல்லர். "உங்கடை வீட்டிலை நடக்கிற ஒண்டைச் செய்து காட்டுங்கோ" என்பார். நாங்கள் செய்வோம். அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மறுநாள் எங்கள் வீட்டுக் கதை அவருடைய வசனமாகத் திரும்பி வரும், ஒரு சொல் பிசகாது. அப்படி ஒரு ஞாபகசக்தியை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

ஒருநாள் என்னையும் கேட்டார். நான் என் அம்மா சோறு எடுத்து வைப்பதைச் செய்து காட்டினேன். என் அண்ணா அன்ரன் தொழிலுக்குப் போய்த் திரும்பவில்லை. நேவி சுட்டதா, காற்றில் வள்ளம் கவிழ்ந்ததா, பிடித்துக்கொண்டு போனார்களா, ஒன்றும் தெரியாது. அம்மா பின்னேரமானால் அண்ணாவின் எனாமல் சோற்றுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, ஒரு மீன் துண்டை வைத்து, இன்னொரு கோப்பையால் மூடி வைப்பார். "வந்தவுடனை பசி எண்டு நிப்பான்" என்பார். அம்மா அழுததில்லை. எங்கள் தெருவில் கடலுக்குப் போனவனின் உடல் கரைக்கு வராமல் ஒப்பாரி வைக்கமாட்டார்கள், பூசை ஒப்புக்கொடுக்கமாட்டார்கள், மெழுகுதிரி கொளுத்தமாட்டார்கள். ஒப்பாரி வைத்துவிட்டால் அவன் செத்தவன் என்று தாயே கடலுக்குச் சொன்ன மாதிரி. இதையும் மாஸ்டருக்குச் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணைத் திறந்தால் எங்களுக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்தக் கோப்பையை வைத்து அவர் 'வாசலில் ஒருத்தி' நாடகத்தைக் கட்டினார். ஆமிக்காரர் கொண்டுபோன மகன் சிவத்துக்காகச் சோறு எடுத்து வைக்கும் தோட்டக்காரத் தாயின் கதை. வேறு ஊர், வேறு சமயம், வேறு பெயர். அதனால்தான் நடிக்கச் சம்மதித்தேன். யோகன் பின்னால் நின்று "சிவம் வந்திட்டானோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்பான். நான் "வருவான்" என்பேன். கடைசி முறை கேட்கும்போது தாய் உடைந்து ஒப்பாரி வைக்கவேண்டும். ஒத்திகையில் எனக்கு அது வரவில்லை. "நீ அழேல்லை பிள்ளை, வாசிக்கிறாய்" என்று மாஸ்டர் ஏசினார்.

நாடகம் மேடையேறிய அந்தப் பின்னேரம் உங்களில் பலர் மண்டபத்தில் இருந்தீர்கள். மின்சாரம் இல்லை, வெளிச்சத்துக்காக யன்னல் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தார்கள். நான் கோப்பையை மூடிவிட்டு நிமிர்ந்தேன். பின்னாலிருந்து யோகன் கேட்டான். "அன்ரன் வந்திட்டானோ?"

வாய் தடுமாறிச் சொல்லிவிட்டான் என்று நினைத்தேன். அவன் மறுபடியும் கேட்டான். "அன்ரன் வந்திட்டானோ?" நான் சபைப் பக்கம் திரும்பினேன். முன்வரிசையில், கோவிலுக்குக் கட்டும் சேலையோடு, மடியில் கையை வைத்தபடி என் அம்மா இருந்தார். அந்த நாடகத்துக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லி வைத்திருந்த அம்மா. யோகன் இன்னொரு முறை கேட்டான்.

என் வாயிலிருந்து வந்தது எதுவென்று எனக்கு நினைவில்லை. கேட்டவர்கள் பிறகு சொல்லித்தான் தெரியும். "கரையிலே தேடினேன், கண்டாரும் இல்லையோ, கடலிலே தேடினேன், காலடியும் இல்லையோ" என்று தொடங்கியதாம். நீங்கள் எல்லோரும் அழுதீர்கள். அம்மா எழுந்து நடுவழியால் நடந்து வெளியே போனார். நாடகத்தைத் தாங்கமுடியாமல் போகிறார் என்று நினைத்து மரியாதையாக வழி விட்டீர்கள்.

அன்றைக்கு வீட்டில் அம்மா சமைத்தார், சாப்பிட்டார். அண்ணாவின் கோப்பையைக் கழுவித் துடைத்து, சுவர்த் தட்டில் உயரத்தில் கவிழ்த்து வைத்தார்.

"அம்மா, அது நாடகம்" என்றேன்.

"நாடகத்துக்கு ஏன் என்ரை பிள்ளையின்ரை பேர்?"

"அது எனக்குத் தெரியாமல் மாஸ்டர் செய்வித்தது அம்மா. ஆணை, எனக்குத் தெரியாது."

"ஓம், உன்ரை முகத்திலை கண்டனான். ஆர் செய்வித்தால் என்ன, ஒப்பாரி வச்சாச்சு. வச்சதைத் திருப்பி எடுக்கேலாது மோனை."

அதற்குப் பிறகு அம்மா காத்திருக்கவும் இல்லை, அழவும் இல்லை. காத்திருப்பதை நாடகம் பறித்துவிட்டது. அழுகையையோ அவருக்கு முன்னதாக ஒரு மண்டபமே அழுது முடித்துவிட்டது. ஆத்துமாக்கள் திருநாளில் சேமக்காலைக்குப் போய் மற்றவர்களின் கல்லறைகளில் மெழுகுதிரி எரிவதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவார். அப்படி ஒரு தாயை வீட்டில் வைத்துக்கொண்டு இருந்து பாருங்கள், பிறகு கலை வாழ்க என்று சொல்லுங்கள்.

மறுநாளே கொக்குவிலுக்குப் போனேன். மாஸ்டர் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். "வா பிள்ளை. நேற்றுத்தான் நீ நடிகை" என்றார்.

"அம்மாவை ஆர் கூட்டிக்கொண்டு வந்தது மாஸ்டர்?"

"நான்தான். வீட்டை போய் வெத்திலை வச்சுக் கூப்பிட்டனான். பெரிய சந்தோசம் அவவுக்கு. யோகனிட்டைப் பேரை மாத்தச் சொன்னதும் நான்தான். உன்னைக் கேட்டிருந்தால் மாட்டன் எண்டிருப்பாய்."

"கேக்காமல் எடுத்தால் அதுக்குப் பேர் களவு."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நான் கொஞ்சம் ஆறியிருப்பேன். "அழுகை ஒருத்தருக்கும் சொந்தமில்லை பிள்ளை" என்றார். "ஊரிலை எத்தினை தாய்மார் அழேலாமல் இருக்கினம். உன்ரை அம்மா அவையளுக்கும் சேர்த்து அழட்டும்."

"அவ அழேல்லை மாஸ்டர். எழும்பிப் போட்டா."

தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு யோசித்தார். "அதுவும் நல்ல காட்சிதான்" என்றார்.

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவருடைய வாசல் மிதிக்கவில்லை. வேறொரு பிள்ளை அந்த ஒப்பாரியைப் பாடமாக்கிக்கொண்டு என் இடத்தில் நடித்தாள். நாடகம் ஊர் ஊராகப் போயிற்று. மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு விழாவுக்கு நானும் போய்ப் பின்னால் இருந்தேன். அந்த ஒப்பாரி தனக்கு ஒரு விடியற்காலையில் கிணற்றடியில் வந்தது என்று மாஸ்டர் ஏற்புரையில் சொன்னார். எனக்குப் பக்கத்தில் இருந்த மனுசி கைதட்டினார். எழுந்து கத்தவேண்டும் போல இருந்தது. அன்றைக்கு நல்ல தமிழில் கத்தத் தெரியாமல் போய்விட்டது.

பிறகு ஷெல்லடி தாங்காமல் குருநகரை விட்டுச் சுன்னாகத்துக்கு வந்தோம். இரண்டு பொட்டணம், மாதாவின் படம், அந்தக் கோப்பை, இவ்வளவும்தான் அம்மா தூக்கி வந்தது. வாடகை வீட்டிலும் கோப்பையை ஒரு சுவர்த் தட்டில் கவிழ்த்து வைத்தார்.

இனிச் செத்தவீட்டுக்கு வருகிறேன். நான் போவதாக இல்லை. சந்தையால் வந்து செய்தியைச் சொன்னபோது அம்மா நெத்தலி ஆய்ந்துகொண்டிருந்தார். கையைக் கழுவினார்.

"நான் போகவேணும். கூட்டிக்கொண்டு போ."

"அந்த மனிசனைப் பாக்கவோ அம்மா?"

"அந்த மனிசனோடை எனக்கொரு கதை இருக்கு."

அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி மிதித்துக்கொண்டு போனேன். கொக்குவிலில் ஒழுங்கை முழுக்கச் சனம். பெரிய மனிதர்கள் ஒருவர் மாறி ஒருவர் இரங்கலுரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவர் ஓடி வந்தார். "பிள்ளை, மாஸ்டரின்ரை ஒப்பாரியை ஒருக்கால் பாடிவிடும். அவருக்கு அதுதான் மரியாதை."

"அது மாஸ்டரின்ரை இல்லை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

அதற்குள் அம்மா பெண்களுக்குள்ளால் புகுந்து மாஸ்டரின் தலைமாட்டுக்குப் போய்விட்டார். அழப் போகிறார் என்று நினைத்துப் பெண்கள் இடம் விட்டார்கள். அம்மா அழவில்லை. காது மந்தமானவரோடு கதைப்பதுபோலக் குனிந்து கதைத்தார். உரை நிகழ்த்தியவர் நடுவில் நிறுத்திவிட்டார்.

"மாஸ்டர், நான் அன்ரன்ரை தாய். நீங்கள் இப்ப செத்தவையள் இருக்கிற இடத்துக்குப் போறியள். அங்கை என்ரை பெடியனைத் தேடிப் பாருங்கோ. நெடுவல், ஆள் நல்ல உயரம், இடப்பக்கப் புருவத்திலை தழும்பு இருக்கு. பேர் உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே சபையிலை கூப்பிடுவிச்சனீங்கள். அங்கை இருந்தால் இருக்கட்டும். இல்லையெண்டால் கனவிலை வந்து எனக்குச் சொல்லிப்போடுங்கோ. மறந்துபோடாதையுங்கோ."

மாஸ்டரின் மனைவிதான் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். என்னென்ன கேள்விப்பட்டிருந்தாரோ தெரியாது. "அவர் மறதிக்காரன் இல்லை அக்கா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கதிரை வைத்து ஏறிக் கோப்பையை எடுத்தார். சாம்பல் போட்டு விளக்கினார். சோற்றைப் போட்டு, நெத்தலிப் பொரியலை வைத்து, மூடினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பாக்கிறதுக்கு ஆள் போயிருக்கெல்லோ" என்றார் அம்மா. "பதில் வருமட்டும் எடுத்து வைப்பம்."

மாஸ்டரிடமிருந்து நான் வைத்திருப்பது கோபம் ஒன்றுதான். அதை நடிக்காமல் வைத்திருக்கிறேன். அவர் கற்பித்தது வீண்போகவில்லை. இப்படியான மலர்களில் கடைசி வரியில் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதுவார்கள். இந்தக் கட்டுரையின் கீழ் அதைச் சேர்க்கவேண்டாம் என்று அச்சகத்தாரைக் கேட்டுக்கொள்கிறேன். மாஸ்டரின் ஆத்மா இப்போது சாந்தியடையக் கூடாது. அதற்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு காலையும் அம்மா எழுந்து வரும்போது, கனவு வந்ததோ என்று நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார். தேடுங்கோ மாஸ்டர்.