காலி என்று காட்டிய அலைவரிசை

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை ஐயாவை நினைத்தால், இடுப்பில் தொங்கிய வாக்கிடாக்கியும் அதன்மேல் பொத்தி வைத்த அவருடைய உள்ளங்கையும்தான் முதலில் ஞாபகம் வருகின்றன. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக் கூரையில் நான் ஆன்டெனா கட்டிய அன்றே வந்துவிட்டார். காலைப் பெரட்டில் பேர் பதிந்துவிட்டு அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம்.

"என்னா தம்பி, எங்க பேச்ச ஒட்டுக் கேக்குறியா?"

அப்போது பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். மலையில் எந்த அலைவரிசையில் ஆள் இருக்கிறது, எது காலி என்று கண்டுபிடிப்பது என் இறுதியாண்டு ஆய்வு. ஆன்டெனாவை இறக்கச் சொன்னால் ஆய்வே இல்லை. அதனால் மூச்சுவிடாமல் விளக்கினேன். அலைப்பரப்பு முழுவதையும் அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி எந்நேரமும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. அந்த வெறுமையை நம்பி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அளவுகளை மட்டும் எடுத்தால், மீதியைக் கணக்குப் போட்டே மீட்டுவிடலாம். மீட்டது யாரோ பேசும் அலையா, வெறும் இரைச்சலா என்பதை, பல மாதிரிகளைக் காட்டிப் பழக்கிய கணினி சொல்லிவிடும்.

"பேச்சு ஒண்ணும் கேக்காதுங்கய்யா. பேசுறாங்களா இல்லியான்னு மட்டுந்தான் தெரியும்."

அவர் வாக்கிடாக்கியை எடுத்துப் பொத்தானை அழுத்தினார். மடிக்கணினித் திரையில் ஒரு கோடு பளிச்சென்று எழுந்தது. விட்டார், மறைந்தது.

"அப்ப, மலைக்குக் கெளம்புறப்ப கங்காணிக்குச் சொல்றேன்ல, அதுவும் இதுல விழுமா?"

"கோடு விழும். என்ன சொன்னீங்கன்னு தெரியாது."

"அது எதுக்கு? காலையில கோடு விழுந்தா நான் வர்றேன்னு தெரிஞ்சுபோச்சே."

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேங்கய்யா."

"நீ சொல்ல மாட்ட. ஒங்கம்மா மலையிலதான நிக்கிறா?"

கழற்றச் சொல்வார் என்று பார்த்தேன். "இருக்கட்டும்" என்று போய்விட்டார். இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாரே என்று எனக்குத்தான் சந்தேகம் வந்தது.

மறுநாளிலிருந்து காலைகளில் அந்தக் கோடு விழவே இல்லை. அவர் கங்காணிக்குச் சொல்வதையே நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் மலையில் வேலை வாங்கும் கங்காணியின் வாக்கிடாக்கியில் அவர் கிளம்பிய செய்தி வந்ததும், வெற்றிலை போட உட்கார்ந்த பெண்கள் எழுந்து அவரவர் தேயிலை நிரைக்குப் போய்விடுவார்கள். இப்போது தேயிலைக்கு நடுவே திடீரென்று அவர் தலை முளைத்தது. உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அன்று அரைநாள் சம்பளம்தான்.

"ஒம் மகன் பெட்டி வந்ததுல இருந்துதான்டி அந்தாளு பூனையாட்டம் வர்றான்," என்று பக்கத்துக் காம்பரா வீட்டுச் சித்தி எனக்குக் கேட்கும்படியே சொன்னார். "யாருக்குத்தான் ஆள் காட்டுறானோ!"

அம்மா கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அந்த வாரமே ஆன்டெனாவைக் கழற்றினேன். ஐயா பழையபடி பேசத் தொடங்கவில்லை, இன்றுவரை இல்லையாம். ஆய்வு நன்றாகவே தேறியது. ஐயாவின் அலைவரிசைக்கு நேரே, காலைப் பொழுதுக்கு, கணினி 'காலி' என்று எழுதியிருந்தது. கணிப்பு சரி என்றார் விரிவுரையாளர். சரிதான். அந்தப் பொழுதில் ஐயா ஏதோ ஒரு நிரையில், வாக்கிடாக்கியைப் பொத்திக்கொண்டு, சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்.