சின்னவனுக்கு ஏழு சாக்ஸ்

சலூன்காரருடைய இடது காலின் விலைக்கு ஒரு யானையே வாங்கிவிடலாம். யானை என்பது கொஞ்சம் அதிகப்படிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓடுகிற நிலையில் உள்ள பழைய மோட்டார் சைக்கிள் இரண்டு நிச்சயம் வாங்கலாம், அதில் ஒன்றுக்கு டேங்க் நிறையப் பெட்ரோலும் போடலாம். இந்த விலை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு மாட்டிக்கொண்ட செயற்கைக் காலுக்கு. பிறந்தபோது கூடவே வந்த கால் இலவசம். அதனால்தானோ என்னவோ அதை அவர் அத்தனை அலட்சியமாக வைத்திருந்தார்.

அந்தக் கால் போன கதையை ஆளுக்கொன்றாகச் சொல்வார். ஷேவிங்குக்கு வந்தவருக்கு முதலை. கட்டிங்குக்கு வந்தவருக்கு ரயில். தலைக்குச் சாயம் அடிக்க வந்தவர் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டியிருப்பதால் அவருக்குக் கப்பல், புயல், சுறா மூன்றும் உண்டு. எல்லோரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னபோதுதான் ஒருவரும் நம்பவில்லை. உண்மை இவ்வளவுதான்: கடைக்குள் வெறுங்காலோடு நிற்பது அவர் வழக்கம். வெட்டி விழுந்த முடித் துணுக்கு ஒன்று ஊசி மாதிரி பாதத்தில் ஏறியது. சர்க்கரை வியாதிக்காரர், பாதத்தில் பாதி உணர்ச்சி ஏற்கெனவே விடை வாங்கிக்கொண்டு போயிருந்தது. வலிக்கவில்லை. வலிக்காத ஒன்றுக்காகக் கடையை மூடுகிறவர் யார்? எட்டாவது வாரம், முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் அவருக்கு விட்டுவிட்டு மீதியை டாக்டர்கள் எடுத்துவிட்டார்கள்.

மிஞ்சிய அந்த ஒரு சாணுக்கு வீட்டில் சின்னவன் என்று பெயர். பிள்ளைகள் இல்லாத வீடு, செல்லம் கொஞ்சம் அதிகம்.

"சின்னவனுக்குப் பவுடர் போட்டாச்சா?" என்பாள் மனைவி, வேலைக்குக் கிளம்பும்போது.

"போட்டாச்சு. பொட்டு வைக்கிறதுதான் பாக்கி," என்பார் இவர்.

கால் ஒரு தடவைச் செலவு என்று நினைத்திருந்தார்கள். அது தனியாக வரவில்லை. ஒரு கல்யாணக் கூட்டத்தையே பின்னால் கூட்டிக்கொண்டு வந்தது. கழிப்பறையில் பிடித்து எழுவதற்குச் சுவரில் ஒரு கம்பி, குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கடை வாசலில் இருந்த இரண்டு படிகளை இடித்துச் சரிவாகப் பூசியது. பஸ் படிக்கட்டு இடுப்பு உயரத்தில் இருந்ததால் போகவும் வரவும் ஆட்டோ. செயற்கைக் காலைத் தரையில் இழுத்து இழுத்து நடந்ததில் இடது செருப்பு மூன்றே மாதத்தில் தேய்ந்தது. வலது செருப்பு புது மாப்பிள்ளையாகவே இருந்தது. செருப்புக்கடையில் ஒற்றையாகக் கேட்டுப் பார்த்தார்.

"ஒத்தையா வித்துட்டு மிச்சத்தை நானா போட்டுக்கிறது?" என்றார் கடைக்காரர்.

இதற்கெல்லாம் ஈடாகச் சலூனின் இரண்டாவது நாற்காலி விற்கப்பட்டது. அது இருந்த இடத்தில் தரையில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். எதிர்வரிசையில் அதே மாதம் ஏ.சி. போட்ட சலூன் ஒன்று திறந்தது, ஆறு நாற்காலிகளோடு.

செயற்கைக் காலின் மேல்பக்கம் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். சின்னவன் சாக்ஸ் போட்டுக்கொண்டு அதற்குள் இறங்கி உட்காருவான். ஆனால் வெட்டுப்பட்ட இடம் மாதக்கணக்கில் வற்றிக்கொண்டே போகும், கிண்ணம் தளரும். தளர்ந்தால் மேலே இன்னொரு சாக்ஸ். காலைச் செய்து கொடுத்த அம்மாளை அந்த வட்டாரத்தில் கால்காரம்மா என்பார்கள். அவள் முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள்:

"மூணு சாக்ஸ் வரைக்கும் உங்க இஷ்டம். அஞ்சு ஆச்சுன்னா என்கிட்ட வந்துடணும். அஞ்சுக்கு மேல அது உங்க கிண்ணமே இல்லை, புதுசு செய்யணும்."

"புதுசு எவ்வளவும்மா?"

அவள் சொன்னாள். காலின் விலையில் பாதி. அதோடு, புதுக் கிண்ணம் பழகும்வரை மூன்று வாரம் நின்று வேலை செய்யக் கூடாது.

கோடைத் தொடக்கத்தில் நாலாவது சாக்ஸ் ஏறியது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. சலூன்காரரின் வருஷமே பள்ளிக்கூடம் திறக்கிற அந்த வாரத்தில்தான் இருக்கிறது. ஊரில் உள்ள அத்தனை சின்னத் தலைகளும் வரிசையில் நிற்கும். அதுவரை தாக்குப்பிடித்துவிட்டால் கிண்ணத்துக்குப் பணம் சேர்ந்துவிடும். அதற்குள் மூன்று வாரம் கதவைச் சாத்தினால் அந்தத் தலைகளெல்லாம் எதிர்வரிசைக்குப் போகும்; போன தலை திரும்பாது. இதுதான் அவர் கணக்கு. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சின்னவனை யாரும் கலந்தாலோசிக்கவில்லை என்பதைத் தவிர.

ஐந்தாவது சாக்ஸ் போட்ட நாளில் முழங்காலுக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை.

ஆறாவது சாக்ஸில் சிவப்பு கருநீலமாயிற்று. மனைவி பார்க்கும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்து பவுடர் போட்டுக்கொண்டார். அவள் தையல் ஆலையில் செக்கர். நாள் முழுக்கச் சட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துத் தையல் பிசகைத் தேடுகிறவள். அவள் கண்ணுக்கு எதையும் நேராகக் காட்டக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். அவருக்கு அவளை ஏமாற்றுகிற எண்ணமெல்லாம் இல்லை. தள்ளிப்போடுகிறார், அவ்வளவுதான்.

ஏழாவது சாக்ஸ் ஏறியபோது காசு அளவு போய்ப் பாட்டில் மூடி அளவாயிற்று. நடுவில் வெள்ளையாக ஈரம். ஷேவிங் முடிந்து முகத்தில் தடவுகிற வாசனை நீரைப் பேன்ட்டின் மேலும் தெளித்துக்கொள்ள ஆரம்பித்தார். இப்போதும் வலிக்கவில்லை. அந்த வலியின்மையை அவர் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறார். எப்போது, எந்த இடத்தில் என்று யோசிக்காமல் இருப்பதற்காகவே வாடிக்கையாளர்களிடம் முன்னைவிட அதிகமாகப் பேசினார். முதலை நீளமாகிக்கொண்டே போயிற்று.

பள்ளிக்கூடம் திறக்கப் பதினோரு நாள் இருக்கும்போது, ஓய்வுபெற்ற தபால்காரர் ஷேவிங்குக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்து முகவாயைத் தூக்கிக் காட்டினார்.

"சலூனு, இங்க ஒரு ஈ உன்னையே சுத்தி வருது."

"உங்க வாயைச் சுத்துதுண்ணே. சர்க்கரையாப் பேசுறீங்கல்ல."

"என்னைச் சுத்தலையே. உன் முட்டிக்குக் கீழேயே போய் உட்காருது."

சலூன்காரர் குனிந்து பார்க்கவில்லை. ரேசரைத் தபால்காரரின் தொண்டைக்குழியில் வைத்து மேல்நோக்கி இழுத்தார். அப்போது ஏழு சாக்ஸும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கின. கிண்ணத்துக்குள் சின்னவன் பக்கவாட்டில் திரும்பினான். இடது பக்கம் மொத்தமும் காலுக்குக் கீழே யாரோ தரையை உருவிவிட்டது மாதிரி இறங்கியது. ரேசர் கையிலேயே இருந்தது. மறு கை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் அவர் விழவில்லை. தபால்காரர் மூச்சை இழுத்துப் பிடித்தபடி கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தார். காதுக்குக் கீழே, நகக்கீறல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது.

"என் கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்குப்பா," என்றார். "பென்ஷன் வாங்கணும்."

"மன்னிச்சுக்கங்கண்ணே. தரை ஈரம்."

"தரை ஈரமில்லை. உன் பேன்ட்தான் ஈரம்."

இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே பேன்ட்டில் ஒரு கறை, வெளிறிய மஞ்சளாக, விளிம்பு மட்டும் பழுப்பாக. சோப்பு நுரை பாதி முகத்தில் காய்ந்துகொண்டிருக்க, தபால்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"வேணாண்ணே. அவ டூட்டியில இருப்பா."

"ஐம்பது வருஷம் தந்தி கொடுத்தவன் நான். எது அவசரம்னு எனக்குத் தெரியும்," என்றார் தபால்காரர். முப்பத்தெட்டு வருஷம்தான்; இருந்தாலும் அந்த நேரத்தில் அவரோடு தர்க்கம் பண்ண ஆளில்லை.

மனைவி அரை மணியில் வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கடைக்குள் வந்து ஒரு மூச்சு இழுத்தாள். வாசனை நீருக்கு அடியில் வேறொன்று இருந்தது. நேரே வெளியே போய் ஆட்டோவை நிறுத்தினாள்.

கால்காரம்மாவின் கூடத்தில் சுவர் முழுக்கக் கால்கள் தொங்கின. குட்டை, நெட்டை, ஒரு குழந்தையுடையது. பெயர்ச்சீட்டு ஒட்டிய சில கால்கள் வெகுநாளாக யாருக்கோ காத்திருந்தன. அவள் சலூன்காரரை மேஜைமேல் உட்காரவைத்துச் சாக்ஸை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஒவ்வொன்றையும் மேஜையில் வரிசையாக வைத்தாள். ஐந்தாவதுக்குப் பிறகும் இன்னும் இரண்டு இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இன்னும் பதினோரு நாள்தாம்மா," என்றார் சலூன்காரர். "ஸ்கூல் திறந்துட்டா வந்துடறேன். அதுவரைக்கும் கிண்ணத்துல அந்த இடத்தைக் கொஞ்சம் சுரண்டி விட்டுக் கொடுத்தீங்கன்னா போதும்."

கால்காரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு புண்ணின் விளிம்பை அழுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லைம்மா. துளிக்கூட இல்லை," என்றார், நல்ல செய்தி சொல்கிறவர் போல.

அவள் நிமிர்ந்தாள். "நல்லாக் கேட்டுக்கங்கண்ணே. இது பத்துப் பன்னிரண்டு நாள் புண்ணுன்னா, மேல்தோலோடதான் இருக்கும். கிண்ணத்தைச் சுரண்டி மெத்தை வச்சுத் தர்றேன், பாத்து நடங்க. ஒரு மாசத்தைத் தாண்டியிருந்துச்சுன்னா எலும்புக்கு இறங்கியிருக்கும். அப்போ இந்தக் கால் இங்கேயே தொங்கும். நீங்க இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தாமதமாச்சுன்னா முட்டிக்கு மேல வெட்டுவாங்க. முட்டி இல்லாத காலுக்கு நான் முட்டியும் சேர்த்துச் செய்யணும். அது இதைவிட மூணு மடங்கு. அதை மாட்டிக்கிட்டு நாள் முழுக்க நின்னு முடி வெட்டுறவங்களை நான் இதுவரைக்கும் பார்க்கலை. இப்போ சொல்லுங்க. எத்தனை நாளாச்சு?"

சலூன்காரர் சுவரில் தொங்கிய கால்களைப் பார்த்தார். பதினோரு நாள் என்பது பதினோரு நாள்தான். அதற்கப்புறம் எந்த டாக்டரிடம் போகச் சொன்னாலும் போவார்.

"ஒரு வாரம் இருக்கும்மா," என்றார். "மிஞ்சிப் போனா பத்து நாள்."

கால்காரம்மா சுரண்டுகிற அரத்தை எடுத்தாள்.

"நாற்பத்தோரு நாள்," என்றாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி. "இவரு தன் சாக்ஸைத் தானே துவைச்சுக்கிறேன்னு என் கையிலிருந்து பிடுங்கினது அன்னைக்குத்தான். எம்மேல பாசம்னு நினைச்சு, ஒவ்வொரு நாளா எண்ணிக்கிட்டு இருந்தேன்."