பாலத்தில் திரும்பி நடந்த நாட்கள்

டணங். இறுகிய இரும்பு அப்படித்தான் பேசும். தளர்ந்திருந்தால் ஈரமரத்தைத் தட்டியது போல ஊமையாக ஒலிக்கும். இன்றும் ஏதாவது கொல்லுப்பட்டறையில் அந்த ஒலி எழுந்தால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது.

பாம்பன் ரயில் பாலத்தில் நான் கீமேன். தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்பைச் சாவி என்போம். விடிந்ததும் பாம்பன் கரையிலிருந்து சுத்தியலோடு நடந்து, ஒவ்வொரு சாவியாகத் தட்டிக் கேட்பது என் வேலை. எதிரே மண்டபம் கரையிலிருந்து இன்னொரு கீமேனான காதர் அண்ணன் தட்டிக்கொண்டே வருவார். நடுப்பாலத்தில் சந்திப்போம்.

"பாத்தாச்சா?" என்பார்.

"பாத்தாச்சு" என்பேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு யாரும் மறுபடி தட்டுவதில்லை. அது எங்கள் வழக்கம். அவரவர் கரைக்குத் திரும்பிவிடுவோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு வந்து கரையில் கால் வைத்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நடுவில் ஒரு சாவியைத் தட்டினேனா? விரல்கள் மரத்தன. கடல் என் காதுக்குள் ஏறி நின்றது. திரும்பிப் போய்த் தட்டினேன். டணங். அப்பாடா என்றிருந்தது. கரைக்கு வந்தால், அதற்கு அடுத்த சாவி?

சில வாரங்களில் மூன்று முறை, நான்கு முறை என்று ஆனது. தட்டியதற்கு அடையாளமாகச் சாவிகளில் சுண்ணாம்புக் கோடு போட்டு வந்தேன். திரும்பி வருவதற்குள் உப்புச்சாரல் பாதியைத் துடைத்திருந்தது. கோடில்லாத சாவிகள் என்னையே பார்த்தன.

காதர் அண்ணன் சிரித்தார். "ஏலே, நீ போட்ட கோட்டக் கடல் என்ன காவல் காத்துக்கிட்டா இருக்கும்?"

ஒருநாள் நான்காம் முறை நடக்கையில் ரயில் வந்துவிட்டது. பாலத்தோரத்து ஒதுங்குமேடையில் கம்பியைக் கட்டிப்பிடித்து நின்றேன். கீழே பச்சைத் தண்ணீரில் சொறிமீன்கள் குடை விரித்துச் சுருக்கி, எந்த அவசரமும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் மேல் பொறாமையாக இருந்தது. ரயில் போனபிறகும் கைகள் கம்பியை விடவில்லை. காதர் அண்ணன்தான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார்.

"இனி ஒருக்க திரும்பி நடந்தா நானே மேஸ்திரிட்ட சொல்லிருவேன். வேலை போனாப் போகட்டும், நீ இருக்கணும்ல."

மகள் மரகதம் என்னை ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை (நெஞ்சொலி கேட்கும் குழாய்) நெடுநேரம் வைத்திருந்தார். இதயத்தில் குறையில்லை, பால்பிடேஷன் (நெஞ்சுப் படபடப்பு) என்றார். உறங்குவதற்குப் புரோமைடு (நரம்பை அடக்கும் உப்பு மருந்து) எழுதினார். நான் திரும்பித் திரும்பி நடப்பதை மரகதம் சொன்னதும் என்னிடம் கேட்டார்.

"திரும்பிப் போய்த் தட்டுனா எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கு?"

"ஒரு பீடி குடிக்கிற நேரம்."

"அப்ப அது மருந்தில்ல. அடுத்த தடவ போகாம உக்காருங்க. படபடப்பு ஏறும். ஏறட்டும். அது எறங்குறத நீங்க இன்னும் பாத்ததே இல்ல."

அடுத்த நாள் தட்டி முடித்து வந்து, கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். மரகதம் கொண்டுவந்த கஞ்சியைத் தொடவில்லை. அவளும் பக்கத்தில் இருந்தாள். வெயில் மணலில் நகர்ந்தது. பாறையில் ஏறிய தண்ணீர் வற்றும்போது, என்னுள்ளும் ஏதோ வற்றியது. யாரும் எதையும் தட்டவில்லை. பாலம் நின்றது.

இதே படபடப்போடு இதைப் படிப்பவருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது அவ்வளவுதான். அது போய்விடவில்லை. இப்போதும் வரும். முன்பு படபடப்பின் ஒரு நிமிடம் பாலத்தைவிட நீளமாக இருந்தது. இன்று அது கடலைப் போல ஏறுகிறது, இறங்குகிறது. என் உடம்பு கரையாகக் கிடக்கிறது.

சில வருஷம் கழித்து மரகதம் ஆசிரியப் பயிற்சிக்கு மதுரைக்குப் புறப்பட்டாள். பாம்பன் ஸ்டேஷனில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் தட்டிவிட்டு வந்த பாலத்தின்மீதுதான் இந்த ரயில் போகவேண்டும். நெஞ்சு ஏறத் தொடங்கியது. ஓடினால் வண்டிக்கு முன்னால் நாலு சாவியாவது தட்டலாம். கால்களைத் தரையில் ஊன்றி நின்றேன்.

ஊதல் ஒலித்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அய்யா, பாலத்தப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு தாயி."

"எத்தன தடவ?"

"ஒரு தடவ."