மூச்சு எடுக்கும் இடம்

துணிக்கடையின் சேலைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் சாலைக் கடைவீதியின் நெரிசலுக்குள் புகுந்து ராகேல் கோயிலுக்குப் போவாள். அந்தத் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் பாடகர் குழு நெடுங்காலமாக அவள் கையில்தான். கணவர் செல்வின் இறந்த வாரம் தவிர அவள் பயிற்சியைத் தவறவிட்டதில்லை. அடுத்த வாரமே வந்து நின்றதற்குக் “கல் நெஞ்சுக்காரி” என்று பெயர் கிடைத்தது. துக்கம் கேட்க வந்தவர்கள், “அழுதிரு பிள்ளே, பாரம் குறையும்” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார்கள். வராத அழுகையை எங்கே போய்க் கூட்டிவருவது? சோறு இறங்கியது, தூக்கமும் வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

குழுவில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. இந்த மலையாள ஊரிலேயே பிறந்து மலையாளத்தில் படித்த பிள்ளைகள். பாட்டை மலையாளத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். ஸ்வரம் பார்த்துப் பாடச் சொன்னால் ஆகாயத்தைப் பார்ப்பார்கள். அதனால் நான்கு குரல்களையும் தனித்தனியாகப் பாடிப் பதிந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது வழக்கம். கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டே பாடம் பண்ணிவிடுவார்கள். பதிந்தவர் செருமினால் இவர்களும் செருமுகிற அளவுக்குப் பாடம்.

இந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குப் போன வருஷத்துப் பாட்டையே எடுத்தாள். புதிதாகத் தேட அவளுக்குத் தெம்பில்லை. பதிவுகளும் குழுவில் அப்படியே கிடந்தன. ஆண்களின் மேல்குரலான டெனர் செல்வின் பாடியது. அவர் போன பிறகு அவள் அதைத் திறக்கவேயில்லை. பழைய டெனர்கள் துபாய்க்கும் பெங்களூருக்கும் போய்விட, ஷிபுவும் இன்னும் மூன்று பேரும் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள்.

கடைசி வரி ‘சமாதானம்’ என்று நீண்டு முடியும். பயிற்சியில் மற்றவர்கள் ஒரே மூச்சில் பாட, டெனர் மட்டும் ‘சமா’ என்று நின்று, இழுத்து ஒரு மூச்சு வாங்கி, ‘தானம்’ என்று சேர்ந்துகொண்டது. ராகேல் கையைக் காட்டி நிறுத்தினாள். மறுபடி பாடச் சொன்னாள். மறுபடியும் அதே.

“லேய் ஷிபு, அங்க யாருலே மூச்சு எடுக்கச் சொன்னா?”

“செல்வின் அண்ணன் எடுப்பாவல்லா அக்கா. நாங்க நூறு தரம் கேட்டாச்சு. கரெக்டா அங்கதான்.”

பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் நின்ற ஜெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதைப் பதிந்த நாளில் செல்வினுக்கு நெஞ்சுச்சளி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நுரையீரல் முக்காலும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னது பிற்பாடு.

பாட்டு சொல்லிக்கொடுப்பதில் சுருதியும் தாளமும் பாதிதான் என்பது ராகேலின் கட்சி. மீதி, மூச்சை எங்கே எடுப்பது என்பது. அது பிடிபட்டுவிட்டால் ஒரு கூட்டமே ஓர் ஆளாகிவிடும். இந்த நால்வரும் ஓர் ஆளாகித்தான் நின்றார்கள். அந்த ஆள் செல்வின். கண்டும் காணாமல் விட்டால் பண்டிகைக்கும் இப்படியே பாடுவார்கள், வருகிற வருஷமும் பாடுவார்கள். சபையில் எவனுக்குத் தெரியப்போகிறது? விட்டுவிடேன் என்று மனசு கெஞ்சியது. ஆனால் தப்பைத் தப்பென்று சொல்லாமல் அவளால் கையசைக்க முடியாது.

“அவியளுக்கு மூச்சு நிக்கல மக்களே, அதான் எடுத்தாவ,” என்றாள். “ஒங்களுக்கு என்ன கேடு? ஒரே மூச்சுல பாடுங்க.”

ஷிபுவின் முகம் செத்துவிட்டது. அவள் கவனிக்காததுபோல் அவனையே பாடவைத்துப் புதிதாகப் பதிந்து குழுவில் போட்டாள். பழையதை இனி யாரும் கேட்க வேண்டாம் என்று கீழே எழுதினாள்.

பண்டிகையன்று கோயிலின் முன்பக்கம் வாழைக்குலையும் மரச்சீனிக் கிழங்கும் பூசணியுமாகக் குவிந்திருந்தது. கடைசி வரி வந்தது. ராகேல் டெனர் பக்கம் திரும்பினாள். ‘சமாதானம்’ என்று ஒரே இழுப்பில் போனது. நடுவில் மூச்சு வாங்கும் சத்தம் இல்லை. அவ்வளவு சுத்தமாக அந்தக் குழு ஒருநாளும் பாடியதில்லை. குழியில் மண் போட்டபோது உறைக்காதது அப்போது உறைத்தது. செல்வின் இல்லை. எங்கேயும் இல்லை. கண்ணீர் அவள் கண்ணை மறைத்தது. தூக்கிய கையை இறக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. அவள் கை இறங்காததால் பிள்ளைகள் மூச்சு முட்ட அந்தக் கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.