குந்தினால் குத்தாத கத்தி

இரும்புச் சாமான் கடையின் நட்டநடுவில் அக்கா பொத்தென்று குந்தியதும், கடைக்காரர் பதறியடித்துத் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தார்.

"என்னம்மா, மயக்கமா? கொஞ்சம் காத்து வரட்டும், தள்ளி நில்லுங்க எல்லாரும்!"

"மயக்கமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குத்துதான்னு பாக்கறேன்" என்றாள் அக்கா. அவள் இடுப்பு பெல்ட்டில் கடையின் கத்தி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "குத்துது. இது வேணாம். அடுத்தத எடுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். அக்காவைத் தூக்கி நிறுத்த எனக்கு இரண்டு கையும் போதவில்லை. அப்படி எழுந்து நின்று அவள் தன் தேவையைச் சொன்னாள்.

"நின்னா உறுத்தக் கூடாது. குனிஞ்சா இடிக்கக் கூடாது. குந்துனா குத்தக் கூடாது. நாள் பூரா இடுப்புல இருக்கணும், இருக்கறதே தெரியக் கூடாது. கூப்பிட்டா மட்டும் கைக்கு வரணும்."

"அந்த மாதிரி மனுஷங்களே கெடைக்கறதில்லம்மா, கத்திக்கு நான் எங்க போவேன்?" என்றார் கடைக்காரர்.

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வாரமாகியிருந்தது. எனக்கு அது நெஞ்சில் சுருக்கென்றது, ஏனென்றால் அவள் சிரிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் நான்.

எங்களுக்கு வேலை ஒரு பால் பண்ணையில். இருநூறு மாடு. அக்கா அங்கே தரை கழுவ வந்தவள். ஒருநாள் ஒரு மாட்டின் வயிற்றுக்குள் கன்று திரும்பிப் படுத்துவிட்டது. மாட்டு டாக்டரின் கை பெரியது, உள்ளே போகவில்லை. பக்கத்தில் விளக்குமாற்றோடு நின்ற அக்காவின் கையை அவர் பார்த்திருக்கிறார். உடம்புதான் அக்காவுக்குப் பெரிசு, கை சின்னப்பிள்ளைக் கை. "சோப்புப் போட்டு கழுவிட்டு வாம்மா" என்றாராம். அன்றைக்குப் பிடித்தது, பதினோரு வருடமாக ஈற்றுக் கொட்டகை அவளுடையது. எந்த மாடு எந்த நேரத்தில் ஈனும் என்பதை அதன் இருமலை வைத்தே சொல்லிவிடுவாள். பண்ணையில் அவளுக்கு மருத்துவச்சி என்றே பெயர். எனக்கு மட்டும் அக்கா.

ஈற்றுக் கொட்டகையில் மாட்டைக் கழுத்துக் கயிற்றில் கட்டியிருப்போம். வலியில் புரளும்போது கயிறு கம்பியில் சிக்கினால் கழுத்து இறுகிவிடும், அவிழ்க்க நேரம் இருக்காது, அறுக்கத்தான் வேண்டும். அதற்காகப் பண்ணையில் ஆளுக்கொரு கத்தி கொடுத்திருந்தார்கள். ஒரு சாண் நீளம், மூடி போட்ட தோல் உறை, வலது இடுப்பில் தொங்க வேண்டும். அந்தச் சட்டம் போட்ட புண்ணியவான் ஆயுசில் ஒருநாள்கூட மாட்டுக்குப் பக்கத்தில் குந்தியிருக்க மாட்டான். குந்தினால் பிடி விலாவில் இடிக்கும், உறையின் நுனி தொடையில் ஏறும். அக்கா மாதிரி வயிறு இருந்தால் கேட்கவே வேண்டாம். சொல்லலாம்தான். "எனக்கு வயிறு பெருசு, குத்துது" என்று எந்தப் பொம்பளை போய் சூப்பர்வைசரிடம் சொல்லுவாள்?

அதனால் ஒருவருக்கொருவர் சொல்லாமலே ஆளாளுக்கு அதே வழியைக் கண்டுபிடித்தோம். உறையை மட்டும் மாட்டிக்கொள்வது, கத்தியை உடுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவது. மூடி போட்ட உறைக்குள் இருப்பது யாருக்குத் தெரியும்? என் உறையில் சீப்பு இருந்தது. தீவன வண்டிக்காரர் தன் உறையில் மூக்குக்கண்ணாடி வைத்திருந்தார் என்பதே எனக்குப் பின்னால்தான் தெரியும். அவரவர் தான் மட்டும்தான் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அன்று பகல் இரண்டு மணி. தலையீத்துக் கிடேரி ஒன்று கன்றின் இரண்டு காலும் வெளியே வந்த நிலையில் மிரண்டு புரண்டது. கயிறு கம்பிக்கு அடியில் போய் இறுக்கிக்கொண்டது. அக்கா இடுப்பில் கை வைத்தாள், உறை காலி. கத்தியை எடுக்க உடுப்பறைக்கு ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடியதை இன்றைக்கும் என்னால் நினைக்க முடியவில்லை. மாட்டின் முக்கல் கேட்டு நானும் தீவன வண்டிக்காரரும் உள்ளே ஓடினோம். எங்கள் கையும் இடுப்புக்குத்தான் போனது. எங்களிடமும் கத்தி இல்லை. வெறும் விரலால் முடிச்சோடு மல்லுக்கட்டினோம். அக்கா கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தபோது கிடேரியின் கண் நிலைகுத்திவிட்டது. கன்றை மட்டும் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்: "நாங்களும் இப்பத்தான்க்கா உள்ள வந்தோம், கத்திய உருவக்கூட நேரமில்ல!" எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன், அந்தக் கதைதான். தீவன வண்டிக்காரரும் "ஆமாமா, இந்த நிமிஷந்தான்" என்றார்.

சூப்பர்வைசர் வந்தார். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவருக்கு விசில் என்று பெயர். அக்கா ஒளிக்கவில்லை. "என் உறை காலியா இருந்துச்சு சார்" என்று உடைத்துச் சொன்னாள். ஒரு மாதம் கெடு வைத்தார் விசில். அதற்குள் ஒருநாள் இடுப்பில் கத்தி இல்லாமல் பார்த்தாலும் சாணிக் குழிக்கு மாற்றல். மாதக் கடைசியில் முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் என்னைப் பிழைக்க வைத்து அக்காவை மாட்டிவிட்டது. அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் கடைக்கு நானும் வருகிறேன் என்று தொற்றிக்கொண்டேன்.

கடைக்காரருக்கு இப்போது வேகம் வந்துவிட்டது. கண்ணாடி மேசை மேல் கத்திகளை வரிசையாகப் பரப்பினார். முதலில் மடக்குக் கத்தியைக் காட்டினார்.

"சின்னது, பையில போட்டுக்கலாம், எங்கயும் குத்தாது."

"ஒரு கையில மாட்டோட தலை இருக்கும். இன்னொரு கை பனிக்குடத் தண்ணியில வழவழன்னு இருக்கும். மடக்கப் பிரிக்க மூணாவது கைக்கு எங்க போறது? மடக்காததாக் காட்டுங்க."

அடுத்து வேட்டைக்காரர்கள் வாங்குவது என்று முழநீளத்தில் ஒன்றை எடுத்தார். "பயமா இருக்கே. மாடு என்னப் பாத்து ஓடிரும்" என்று அக்கா அதைத் தொடவே இல்லை. ஒன்றின் நுனி ஊசியாக இருந்தது. கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் விடும்போது மாட்டைக் குத்திவிடும் என்று தள்ளினாள். ஒன்றின் பிடி பளபளவென்று அழகாக இருந்தது. அவள் பாட்டிலிலிருந்து கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அதைப் பிடித்துப் பார்த்தாள், வழுக்கியது. தோல் உறை வேண்டவே வேண்டாம் என்றாள். அது மாட்டு மூத்திரம் குடித்து மூன்று நாளில் நாறும். ஒவ்வொன்றையும் பெல்ட்டில் மாட்டிக் குந்தினாள், எழுந்தாள். கடைக்கு ஆணி வாங்க வந்தவர்கள் ஆணியை மறந்து நின்றார்கள்.

"ஜாதகம் பாத்துதான் எடுப்பாங்களா?" என்றார் ஒருவர்.

"உங்க வீட்டுப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இவ்வளவு பாத்தீங்களா? பேசாம ஆணிய எண்ணுங்க" என்றேன்.

கடைசியில் அகப்பட்டது ஒரு குட்டி. அலகு நடுவிரல் நீளம், நுனி மழுங்கல், சொரசொரப்பான ரப்பர் பிடி. பிளாஸ்டிக் உறை, கத்தியைத் தள்ளினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை. தொங்கவிட்டால் அதுவும் தொடையில் இடித்தது. அக்கா அதைக் கையில் பிடித்து வயிற்றுக்குக் குறுக்கே படுக்க வைத்தாள், தொப்புளுக்குக் கொஞ்சம் இடதுபக்கம். அப்படியே குந்தினாள். முகம் மாறவில்லை. இன்னொரு தடவை குந்தினாள்.

"குத்தலடி" என்றாள் மெதுவாக. அவள் கண் கலங்கியிருந்தது.

உறையைப் படுக்கை வசத்தில் மாட்ட அதில் வழியில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்கு லாரித் தார்ப்பாய் தைக்கிற வேலை. அன்று மாலையே தடித்த ஊசியும் மெழுகு நூலுமாக உட்கார்ந்து, உறையின் முதுகில் குறுக்கே இரண்டு பட்டை வைத்துத் தைத்துக் கொடுத்தார். அவர்கள் வீடு இரண்டே அறை. நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தி இடுப்பிலேயே இருந்தது.

"தூங்கும்போதும் கட்டிக்கப் போறா போல. இனிமே நான் தள்ளிப் படுக்கணும்" என்றார் அவர்.

"நீங்க குறட்டை விட்டா அறுக்கத்தான்."

அவர் சிரித்துவிட்டு, மிச்ச நூலைச் சுருட்டிக்கொண்டே என்னிடம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வாரமா ரெண்டு வாய்க்கு மேல திங்க மாட்டேங்கறாம்மா. நீயாவது சொல்லு."

நான் சொல்லும் முன்பே அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "என்னத்தச் சொல்றது? உறை காலியா இருந்தது ஒரு தப்பு. அதக்கூட மன்னிச்சிரலாம். நான் ஏன்டி ஓடுனேன்? கொட்டகைக்கு வெளிய நீ இருந்த, அவர் இருந்தார். ரெண்டு பேர் இடுப்புலயும் கத்தி. ஒரு கத்து கத்தியிருந்தா ஓடிவந்து அறுத்திருப்பீங்க. புத்தி கெட்டுப்போய் உடுப்பறைக்கு ஓடிட்டேன். நான் ஓடுன நேரத்துலதான் அது செத்துச்சு. அதோட கன்னு தினம் என் கையிலதான் பால் குடிக்குது. அது மூஞ்சப் பாக்க முடியல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்கும் சாணிக் குழி, அது ஒன்று. ஒரு வாரமாகச் சொல்லாமல் இருந்ததற்கு என்ன பதில் சொல்வது, அது இன்னொன்று. "விடுக்கா, விதி" என்றேன். விதியாம்! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாதக் கடைசி வந்தது. விசில் ஈற்றுக் கொட்டகைக்குள் வந்து அக்காவின் வலது இடுப்பைப் பார்த்தார், வெறுமையாக இருந்தது. அவர் விசிலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அக்கா சட்டையை ஒதுக்கிக் கத்தியை உருவிக் காட்டினாள்.

"இது பண்ணைக் கத்தி இல்லயே."

"இல்ல சார். அது குந்துனா குத்துது சார். வயித்துல குத்துது. அதனாலதான் அன்னிக்குக் கழட்டி வச்சேன்." பதினோரு வருடமாகச் சொல்லாததை ஆண்கள் நிற்கும்போதே சொல்லிவிட்டாள். "இது குத்தல. ஒரு நாள்கூட கழட்டல. நீங்க வேணா பண்ணைக் கத்திய மாட்டிக்கிட்டுக் குந்திப் பாருங்க."

விசில் என்ன நினைத்தாரோ, தன் இடுப்புக் கத்தியோடு குந்தினார். பாதியிலேயே விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் கெட்ட மனிதரில்லை. அக்காவின் கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்து, தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

"கத்தி விஷயம் சரிம்மா. உங்களுக்கு எது வசதியோ அதையே கட்டிக்கோங்க. ஆனா அது மட்டும் இல்லயே. பக்கத்துல கத்தியோட ரெண்டு பேர் இருக்காங்க. அவங்கள ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடத் தோணலயே உங்களுக்கு. அவசரத்துல தலை வேலை செய்யலன்னா, இந்தக் கொட்டகைய நான் எப்படி உங்கள நம்பி விடறது?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆமா சார். அது என் தப்புதான். நான் சாணிக் குழிக்கே போறேன்."

தீவன வண்டிக்காரர் தரையைப் பார்த்தார். நான் ஓரடி முன்னால் வந்தேன்.

"எங்க உறையும் காலி சார்" என்றேன்.

"என்னது?"

"அன்னிக்கு எங்ககிட்டயும் கத்தி இல்ல. அக்கா ஓடுன உடனேயே நாங்க வந்துட்டோம். கையாலதான் முடிச்சோட போராடுனோம். இப்பத்தான் வந்தோம்னு நான் சொன்னது பொய். இந்தாங்க, இப்பவும் சீப்புதான்." தீவன வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் தன் உறையின் மூடியைத் திறந்து மூக்குக்கண்ணாடியைக் காட்டினார்.

விசில் இரண்டு உறைக்குள்ளும் எட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "சாணிக் குழி. நாளைலேர்ந்து" என்றார். அக்காவைப் பார்த்து, "நீங்க இங்கயே இருங்க" என்று சொல்லிவிட்டு, விலாவைத் தடவிக்கொண்டே போனார்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அப்ப நான் உங்கள கூப்பிட்டிருந்தாலும்..."

"ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. வெறுங்கையோடதான் வந்திருப்போம். நீ ஓடுனதாலதான் கத்தியே வந்துச்சு. கன்னு பொழச்சுச்சு."

கவிழ்த்து வைத்திருந்த பால் வாளியின் மேல் அக்கா உட்கார்ந்தாள். முகத்தை இரண்டு சின்னக் கைகளாலும் மூடிக்கொண்டு, உடம்பு குலுங்க அழுதாள். நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுக்காமலே கேட்டாள்.

"ஏன்டி, இத ஒரு மாசத்துக்கு முன்னாடியே சொல்லியிருந்தா, நான் ஒழுங்கா சோறு தின்னிருப்பேனேடி."